பசையைக் குறை சொல்லாதீர்கள்

போன மாதம் உறவினர் வீட்டுக் கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என் அக்கா மகனைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் பிரான்சில் விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறான். விமானத்தின் தகட்டில் விரிசல் விட்டால் சில இடங்களில் அதன்மேல் ஒரு பட்டையைப் பசை வைத்து ஒட்டிச் சரி செய்வார்கள், அதுதான் அவன் வேலை என்று சொன்னேன். கேட்டவர்கள் முகம் மாறியது. "விமானத்துக்கே ஒட்டுப் போடுறாங்களா!"

பக்கத்தில் ஒரு இளைஞர், ஏதோ பெரிய கம்பெனியில் இன்ஜினியராம். "பயப்படாதீங்க சார், ஒட்டின பிறகு ஸ்கேன் பண்ணிப் பாத்துடுவாங்க. ஸ்கேன்ல ஓகேன்னா ஓகேதான்" என்றார். எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். நான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதை இங்கே எழுதிவிடுகிறேன். அந்தத் தம்பி சொன்னது தப்பு. அதுவும் ஆபத்தான தப்பு.

நான் இன்ஜினியர் அல்ல. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்த குமாஸ்தா. ஆனால் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அதனால் அக்கா மகன் அவ்வப்போது அனுப்பும் பாடக் குறிப்புகளை அகராதி இல்லாமல் படிக்க முடிகிறது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? ஐந்தாறு வருடமாகப் படித்து வருகிறேன்.

பசைக்குப் பிரெஞ்சில் 'கொல்' என்று பெயர். எங்கள் பள்ளியில் பள்ளி விட்ட பிறகும் தண்டனையாக உட்கார வைப்பதற்கும் அதே சொல்தான். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் பார்த்து முசே 'கொல்' என்றால், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அவன் மட்டும் வகுப்பில் இருக்க வேண்டும். முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாதவன் பின்னால் அனுபவிக்க வேண்டும். ஒட்டும் பசைக்கும் இதே சட்டம்தான் என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குப் புரிந்தது.

சைக்கிள் பஞ்சர் கடையை நினைத்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் என்ன செய்வார்? டியூபில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துத் துடைப்பார். உப்புத்தாளால் அந்த இடத்தை நன்றாகத் தேய்ப்பார். தூசியைத் தட்டிவிட்டுச் சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருப்பார். நாம் அவசரப்படுத்தினால் முறைப்பார். கடைசியில்தான் பட்டையை வைத்துத் தட்டுவார். ஒட்டும் வேலை ஒரு நிமிடம். அதற்கு முந்தைய வேலை பத்து நிமிடம்.

தேய்க்காமல் ஒட்டினாலும் பட்டை ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தால் குமிழி வராது. சோதனையில் பாஸ். நாலு நாள் வெயிலில் ஓட்டிய பிறகு, வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளிப் பட்டை கழன்று வரும். அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "சொல்யூஷன் மட்டம்பா" என்கிறோம். பாவம், சொல்யூஷன் என்ன செய்யும்?

விமான விஷயமும் இதுவேதான், கொஞ்சம் வேதியியல் கூடுதலாக.

அலுமினியம் காற்றுப்பட்ட உடனே தன்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது. பசை ஒட்டுவது உலோகத்தின் மேல் அல்ல, அந்தப் படலத்தின் மேல். பசை எவ்வளவு உயர்ந்ததானாலும் சரி, காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரம் உள்ளே போகும். பசையின் ஊடாகவும் போகும், ஓரத்தின் வழியாகவும் போகும். ஈரம் பட்டால் படலம் மாறுகிறது. ஆக்சைடு நீரேற்றம் அடைந்து பருத்து, பலவீனமாகிறது. தகட்டை விட்டு உரிகிறது. பசை அப்படியே நல்லபடி இருக்கும். அது பிடித்துக்கொண்டிருந்த தரைதான் காலடியிலிருந்து நழுவிவிடும்.

கழன்று வந்த ஒட்டைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும் என்கிறான் அக்கா மகன். இரண்டு பக்கமும் பசை இருந்தால் பசை நடுவில் கிழிந்திருக்கிறது, அதாவது பிடிப்பு நன்றாக இருந்திருக்கிறது, சுமைதான் அதிகம். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் துடைத்துவிட்டாற்போல் உலோகம் என்றால், ஒட்டும் முன் செய்ய வேண்டியதை யாரோ ஒழுங்காகச் செய்யவில்லை.

அதனால்தான் ஒட்டும் முன் அத்தனை சடங்கு. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும், துணி அழுக்கில்லாத வெள்ளையாக வரும்வரை. பிறகு தேய்க்க வேண்டும். பிறகு நுண்ணிய அலுமினா மணலைக் காற்றழுத்தத்தில் வீசிப் புதுப் பரப்பு எடுக்க வேண்டும். அதன்மேல் சைலேன் என்ற இரசாயனக் கரைசலைத் தடவிச் சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும். இது ஈரத்தைத் தாங்கும் பிணைப்பை உலோகத்துக்கும் பசைக்கும் நடுவே உண்டாக்குகிறது. தொழிற்சாலையில் புதிதாகச் செய்யும்போது பாஸ்பாரிக் அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, உறுதியான ஆக்சைடுப் படலத்தை வளர்த்தே எடுக்கிறார்கள். பிறகுதான் பிரைமர், அதன் பிறகு பசை. இந்த வரிசையில் ஒன்றை விட்டாலும் ஒட்டு ஒட்டும். அதுதான் ஆபத்து. விட்டால் ஒட்டாது என்றால் யாரும் விடமாட்டார்கள்.

இனி, நடந்த ஒரு கதை. 1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்டது அலோஹா ஏர்லைன்ஸின் 243ஆம் எண் விமானம். போயிங் 737. வயது 19. தீவுக்குத் தீவு தாவும் குட்டிப் பயணங்கள். அதுவரை 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. 24,000 அடி உயரத்தில் பறக்கும்போது முன்பகுதியின் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பயணிகள் தலைக்கு மேல் வானம். விமானிகள் பக்கத்துத் தீவான மாவியில் இறக்கிவிட்டார்கள். 95 பேரில் 94 பேர் பிழைத்தார்கள். நடைபாதையில் நின்றிருந்த பணிப்பெண் கிளாரபெல் லான்சிங் காற்றில் இழுக்கப்பட்டுப் போனார். 58 வயது, 37 வருடப் பணி. உடல் கிடைக்கவில்லை.

இந்த விபத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் "பழைய விமானம், உலோகச் சோர்வு" என்பார்கள். பொய்யல்ல. ஆனால் அது கதையின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயம் பசை.

ஆரம்பகால 737களில் கூரைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பசை ஊறிய துணியை வைத்து ஒட்டி, அதோடு மூன்று வரிசை ரிவெட்டும் அடித்தார்கள். பசைத்துணியைக் குளிரில் வைத்திருந்து, எடுத்து ஒட்டி, அறை வெப்பத்திலேயே இறுகவிடுவது முறை. சுமையைத் தகடு முழுவதும் பரப்பித் தாங்க வேண்டியது பசை. ஆனால் ஒட்டும் சூழலிலும் தகட்டைத் தயார் செய்வதிலும் குறைகள். குளிர்ந்த துணியில் ஈரம் படிந்தது, நேரம் கடந்து முன்னதாகவே இறுகியது என்று பல. இதனால் எங்கெங்கோ சில இடங்களில் ஒட்டு நீடிக்கவில்லை. சில இடங்களில் ஒட்டவே இல்லை. கடல் காற்று, ஈரம், துரு. ஒட்டு விட்ட இடத்தில் சுமை முழுவதும் ரிவெட்டின் தலையில் இறங்கியது. ரிவெட் தலை உட்காரத் தகட்டில் குடைந்த பள்ளம் அந்த மெல்லிய தகட்டைக் கத்திமுனை போல ஆக்கியிருந்தது. ஒவ்வொரு பறப்பிலும் அங்கே சின்னச் சின்ன விரிசல். ஒரு நாள் அவை கைகோத்துக்கொண்டன.

1972இலேயே போயிங் அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன் செய்த விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. ஒட்டு விடுகிறது என்று தெரிந்து, ஆய்வு செய்யச் சொல்லி அறிக்கைகளும் உத்தரவும் வந்திருந்தன. விமானக் கம்பெனியின் பராமரிப்பு இதைக் கண்டுபிடிக்கத் தவறியதே காரணம் என்று விசாரணை வாரியம் எழுதியது. எல்லா இணைப்புகளையும் பார்க்கச் சொல்லாத அரசுத் துறையையும் குறை சொன்னது. அன்று விமானம் ஏறிய ஒரு பயணி, ரிவெட் வரிசையோரம் நீளமான விரிசலைத் தன் கண்ணாலேயே பார்த்தாராம். யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் சோதித்துத்தானே அனுப்புவார்கள் என்று நினைத்திருப்பார். கல்யாண வீட்டில் தலையாட்டியவர்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

சரி, ஸ்கேனுக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட் ஒலி அலை, தட்டிப் பார்க்கும் சுத்தியல் எல்லாம் உண்டு. அவை சொல்வது ஒன்றே ஒன்று: இந்த இடத்தில் இடைவெளி இருக்கிறதா, இல்லையா. இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டிருக்கும் ஒட்டு எவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறது, அது பத்து வருடம் நிற்குமா, இரண்டு மழைக்காலத்தில் போய்விடுமா என்று அவற்றுக்குத் தெரியாது. எண்ணெய்க் கையோடு ஒட்டியதும், மணல் வீசி முறைப்படி ஒட்டியதும் முதல் நாள் ஸ்கேனில் ஒன்றுபோலவே தெரியலாம். விட்டுப்போனால் விமானத்தையே இழக்கக்கூடிய ஒட்டுகளுக்கு அமெரிக்க விதிகள் காட்டும் வழிகளில் ஒன்று, ஒவ்வொரு ஒட்டின் பலத்தையும் சேதப்படுத்தாமல் உறுதி செய்யும் சோதனை. தாளில் அழகாக இருக்கிறது. பழுதுபார்க்கும் கூடங்களில் வாடிக்கையாகப் பயன்படும் எந்தக் கருவியும் அதைச் செய்வதில்லை.

"அப்படியானால் இழுத்துப் பார்க்கிறார்களே?" என்று கேட்கலாம். இழுத்துப் பார்க்கும் சோதனை இன்றைய பலத்தைத்தான் சொல்லும். நாளைய பலத்தைக் கேட்க வேறு சோதனை இருக்கிறது. ஒட்டிய இரண்டு தகடுகளின் நுனியில் ஆப்பு ஒன்றை அடித்து, ஒட்டைக் கொஞ்சம் பிளந்து, சூடும் ஈரமுமான பெட்டியில் வைத்துவிடுவார்கள். பிளவு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளப்பார்கள். மேற்பரப்பைச் சரியாகத் தயார் செய்திருந்தால் பிளவு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். இல்லையென்றால் ஓடிக்கொண்டே இருக்கும். இழுவைச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒட்டு ஆப்புச் சோதனையில் பல்லிளிப்பது சகஜம். நேர்காணலில் நன்றாகப் பேசியவர் எல்லாம் வேலையில் நிலைப்பாரா?

ஆஸ்திரேலிய விமானப்படை இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அவர்களிடம் பிரெஞ்சுக்காரர்கள் வடிவமைத்த மிராஜ் போர் விமானங்கள் இருந்தன. மெல்போர்ன் ஆய்வுக்கூடத்தில் ஆலன் பேக்கர் என்ற அறிஞரும் அவர் குழுவும், இறக்கைத் தகட்டு விரிசல்களுக்குப் போரான் இழைப் பட்டைகளை ஒட்டும் முறையை வளர்த்தார்கள். மறுபுறம், அதே விமானப்படையின் எஃப்-111 விமானங்களில், ஒட்டிச் செய்த பலகைகளைச் சரி செய்ய, அது மறுபடி கழல, மறுபடி ஒட்ட என்று அலுத்துப்போனார்கள். தகட்டைத் தயார் செய்யும் முறையை மாற்றினார்கள். மணல் வீச்சும் சைலேனும். ஆட்களுக்கு முறையான பயிற்சி. ஒட்டுகள் நிற்க ஆரம்பித்தன.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது. என் சொந்தக் கதை இனிமேல்தான்.

இரண்டு வருடம் முன்பு மார்கழியில் ஒரு நாள், விடியற்காலை நாலரை மணிக்குப் போன் அடித்தது. அங்கே நள்ளிரவு. அக்கா மகன்தான். குரல் சரியில்லை.

"மாமா, ஒரு பட்டை ஒட்டணும். காலையில விமானம் கிளம்பணும். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த பசைப் படத்தை அறைச் சூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் பையைக் கிழிச்சுட்டான். மேல பனி பூத்திருக்கு. தேய்ச்சு வெச்ச இடமும் நேரம் தாண்டிடுச்சு. முதல்ல இருந்து செய்யணும்னேன். ஒட்டிட்டு ஸ்கேன் பண்ணிக்கலாம், தாள்ல கையெழுத்து போடுன்றாங்க. மாட்டேன்னுட்டேன். வேலை போயிடுமோன்னு இருக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சொல்றவர் உன் மேலதிகாரிதானே? பொறுப்பு அவருது. போட்டுட்டுப் போயேன்டா" என்றேன். முப்பத்தைந்து வருடப் பழக்கம் நாக்கில் அப்படியே இருந்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கையெழுத்து என்னுது மாமா" என்றான்.

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. 1980களில் நடந்தது ஒன்று ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது எங்கள் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூம் மாடியில் ஒழுகியது. தளத்தின் மேல் வாட்டர் புரூஃப் பூச்சுப் போட ஒப்பந்தம் விட்டார்கள். பில்லோடு சேர்க்க வேண்டிய குறிப்பை எழுத வேண்டியவன் நான். "தளம் சுத்தம் செய்து, காயவைத்து, பின் பூச்சு இடப்பட்டது" என்று எழுதினேன். முந்தைய கோப்பில் அப்படி இருந்தது, பார்த்து எழுதினேன். மாடிப்படி பதினெட்டு. ஒரு தடவைகூட ஏறிப் பார்க்கவில்லை. முதல் நாள் இரவு மழை பெய்தது எனக்கு நன்றாகத் தெரியும்.

பூச்சு முடிந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. சான்றிதழ் ஆயிற்று, பில் ஆயிற்று. அந்த வருட மழையும் தாங்கியது. அடுத்த வருடம் ஐப்பசி மழையில் பூச்சு அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய பாசியும் மண்ணும் அப்படியே இருந்தன. மூன்று நாள் விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது, கீழ் வரிசைப் பணிப்பதிவேடுகள் கூழாகிக் கிடந்தன.

அதில் ஒன்று, இறந்துபோன ஒரு துப்புரவுப் பணியாளருடையது. அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் போட வேண்டிய நேரம். பணிக்காலத்தை நிரூபிக்க வேறு தாள் இல்லை. பழைய சம்பளப் பட்டியல்களைத் தேடி எடுத்துக் கணக்கை மறுபடி கட்ட இரண்டு வருடம் ஆனது. அந்த அம்மா மாதம் ஒரு முறை வந்து என் மேசைக்கு எதிரே நிற்பார். "ஐயா, ஏதாச்சும் தகவல் இருக்குங்களா?" என்பார். கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. உரிந்த பூச்சுக்கும் என் கையெழுத்துக்கும் இருந்த உறவு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் மட்டமான சரக்குப் போட்டுவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

விடிந்ததும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். "நான் சொன்னது தப்புப்பா. நீ செஞ்சதுதான் சரி" என்றேன். அவன் அதற்குள் பட்டையையும் பசையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபடி மணல் வீச ஆரம்பித்திருந்தான். விமானம் ஒரு நாள் தாமதம். பாராட்டு ஒன்றும் வரவில்லை. மேலதிகாரி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சரியாகச் செய்த வேலைக்குச் சாட்சி கிடையாது. அந்த ஒட்டு கழலாமல் இருப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

ஆகவே அந்த இன்ஜினியர் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இடைவெளியைக் கண்டுபிடிக்க அது வேண்டும். ஆனால் ஸ்கேன் இருக்கிறது என்ற தைரியத்தில் முந்தைய வேலையில் கைவைக்காதீர்கள். ஒட்டின் ஆயுள் பசை படும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் அங்கே இருந்தவருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவரை அவசரப்படுத்தினால், பிறகு எந்த இயந்திரத்தைக் கேட்டும் பயனில்லை.

அந்த வேலைக்கு உரிய மணிநேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். விமானத்தை ஒட்டும் அதே கையால், அதே நேரத்தில், அதே பசையில் ஒரு சோதனைத் தகட்டையும் ஒட்டச் சொல்லி ஆப்பு அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு படியையும் செய்தவரே, செய்த நேரத்திலேயே எழுதட்டும்; மாலையில் மொத்தமாக டிக் அடிப்பது பதிவேடு அல்ல, கட்டுக்கதை. நான் நிறைய எழுதியிருக்கிறேன், எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, "முதலில் இருந்து செய்யணும்" என்று சொல்கிறவனுக்கு வேலை போகாது என்ற நிலை வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வெறும் தாள்.

ஒட்டு கழன்றால் பசையைத் திட்டுவது சுலபம். பசைக்கு வாய் கிடையாது. அந்த அம்மாவிடம் நான் ஒப்பந்தக்காரரைத் திட்டியதும் அப்படித்தான். அவருக்கு ஓய்வூதியம் வந்த அன்று அரை டஜன் வாழைப்பழம் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.